மதுமிதாவின் பானைக்கு ஒரு வால்வு

1

சனிக்கிழமை காலை பதினொரு மணி இருக்கும். புல்வெட்டும் இயந்திரத்தின் பிளேடைக் கழற்றித் தேய்த்துக்கொண்டிருந்தேன். கோகிலா சமையலறை ஜன்னலைத் திறந்து கூப்பிட்டாள்.

"ஏனுங்க, மதுவுக்குக் காலு வெந்துபோச்சாமாங்க. அவகூட இருக்கற புள்ள இப்பத்தான் போன் பண்ணுச்சு. கிளினிக்குல இருக்கறாங்களாமா."

மதுமிதா எங்கள் ஒரே மகள். இருபத்தேழு வயது. நியூஸிலாந்தில் நாங்கள் வந்து இறங்கியபோது அவளுக்கு ஐந்து. ஹாமில்டன் என்கிற இந்த ஊரின் ஒரு மூலையில் நாங்கள் இருக்கிறோம். இன்னொரு மூலையில் ஒரு தோழியோடு வாடகை வீட்டில் அவள் இருக்கிறாள். காரில் பதினைந்து நிமிடம். அந்தப் பதினைந்து நிமிடத்தை நான் ஒன்றரை வருடமாகக் கடக்கவில்லை.

கிளினிக்கில் சக்கர நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். வலது பாதத்தின் மேல்பக்கம் முழுக்க ஈரத்துணி. முகம் வெளுத்திருந்தது. என்னைப் பார்த்ததும், "வாங்கப்பா" என்றாள். விருந்தாளி யாராவது வந்தால் சொல்வோமே, அந்த மாதிரி.

இங்கே எந்தக் காயத்துக்கும் முதலில் ஒரு படிவம். எங்கே நடந்தது, எப்போது நடந்தது, வேலைநேரத்திலா, வேறு யாருக்காவது பொறுப்பு உண்டா என்று நாலு பக்கம். அவளுக்கு வலி அதிகமானதால் பாதிக்கு மேல் நான் நிரப்பினேன். "எப்படி நடந்தது" என்ற கட்டத்தை மட்டும் அவளே ஏற்கெனவே எழுதியிருந்தாள். சூடான வோர்ட் காலில் கொட்டிவிட்டது என்று ஆங்கிலத்தில் இருந்தது.

அந்த மாதிரி ஒலிக்கிற ஆங்கில வார்த்தை எனக்குத் தெரிந்து இரண்டுதான். ஒன்று ஆஸ்பத்திரியில் இருக்கிற வார்டு. இன்னொன்று வார்ட், தோலில் முளைக்கிற மரு. அதனால் நர்ஸிடம், மருவைச் சுட்டு எடுக்கப் போய்த்தான் இப்படி ஆகிவிட்டதா என்று கேட்டேன். அந்தப் பெண் சிரித்துவிட்டாள். பிறகு என் முகத்தைப் பார்த்து, சிரிப்பை விழுங்கிக்கொண்டு விளக்கினாள். பியர் காய்ச்சுகிறவர்கள் முதலில் இறக்குகிற சாறுக்கு அதுதான் பெயராம். அவள் கணவனும் வீட்டில் காய்ச்சுவானாம்.

மது சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கோகிலா என்னைப் பார்த்தாள். இருபத்திரண்டு வருடமாக இந்த நாட்டின் பால் தொழிற்சாலையில் குழாய் வேலை பார்க்கும் ஃபிட்டராக இருக்கிறேன். பம்ப், வால்வு, பைப் என்று எல்லாவற்றுக்கும் இவர்கள் சொல்லும் பேர் தெரியும். ஆனாலும் ஏதாவது ஒரு வார்த்தை, போகக்கூடாத இடத்தில் வந்து காலை வாரிவிடும்.

2

அந்தச் சாறு எனக்குப் புதிதல்ல, பேர்தான் புதிது.

ஒன்றரை வருடத்துக்கு முன்னால் ஒருநாள், சொல்லாமல் மதுவின் வீட்டுக்குப் போனேன். கராஜில் பெரிய எவர்சில்வர் பானை ஒன்று கேஸ் அடுப்பில் கொதித்துக்கொண்டிருந்தது. கம்மங்கூழும் வைக்கோலும் சேர்ந்தாற்போல ஒரு வாசம். முளைகட்டி உலர்த்திய பார்லியை வெந்நீரில் ஊறவைத்து வடித்து, ஒரு மணி நேரம் கொதிக்கவைத்து, கசப்புக்கு ஒரு பூவைப் போட்டு, ஆறவைத்து ஈஸ்ட் சேர்த்து மூடிவைத்தால் பியர் என்று அவளே ஆர்வமாக விளக்கினாள். உணவுப் பொருள்களைப் பரிசோதிக்கும் லேபில் அவளுக்கு வேலை. இதையும் ஒரு பரிசோதனை மாதிரி நோட்டுப் போட்டு, வெப்பநிலை எல்லாம் குறித்து வைத்திருந்தாள். இங்கே வீட்டில் காய்ச்சிக்கொள்வது சட்டப்படி சரி. வாரத்துக்கு ஒரு டம்ளர்தான் குடிக்கிறேன், மீதியை நண்பர்களுக்குக் கொடுத்துவிடுகிறேன் என்றாள்.

நான் சொன்னது ஒரே வாக்கியம். "இத விடற வரைக்கும் எங்கிட்டப் பேசாதே."

அந்த வாக்கியம் எனக்கு நன்றாகப் பழகியது. அதற்கு முன்பே என் தம்பிக்கும் அதையேதான் சொல்லியிருந்தேன்.

தங்கராசு என்னைவிட மூன்று வயது இளையவன். சூலூரில் எட்டுத் தறி போட்ட பவர்லூம் வைத்திருந்தான். நான் கோயமுத்தூர் கணபதியில் ஒரு பம்ப் கம்பெனியில் இருந்தேன். நான் இங்கே கிளம்பி வந்தபிறகு அப்பாவுக்கும் அம்மாவுக்கும் ஆஸ்பத்திரி பார்த்தது, கொள்ளி வைத்தது எல்லாம் அவன்தான். தறிச்சத்தத்துக்கு நடுவில் கத்திக் கத்திப் பேசியே பழகியவன் என்பதால் போனிலும் கத்துவான். சிரிப்பும் கத்தலாகத்தான் வரும். மதுமிதா என்று பேர் வைத்தபோது, "அண்ணா, நீ புள்ளைய மது மதுன்னு கூப்புடறப்பல்லாம் எனக்குத் தாகமெடுக்குமே" என்று எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டு அவனே முதலில் சிரித்தான். அப்போது அது வெறும் வேடிக்கைதான். குடி அவனைப் பிடித்தது அதற்கு ரொம்ப நாள் கழித்து.

எப்போது பிடித்தது என்று எனக்குச் சொல்லத் தெரியாது. தூரத்தில் இருப்பவனுக்கு இதெல்லாம் செய்தியாகத்தான் வரும். ஒரு வருடம் ஊருக்குப் போனபோது சாயங்காலம் குடித்தான். அடுத்தமுறை போனபோது காலையிலேயே குடித்தான். அவன் மனைவி சரஸ்வதி என்னிடம் ஒன்றும் புகார் சொல்லவில்லை. தறி ஷெட்டை அவளே பார்த்துக்கொண்டாள். இங்கே திரும்பி வந்தபிறகு போனில் அவன் குழறுவதைக் கேட்கக் கேட்க எனக்கு ஆத்திரம் ஏறியது. பேசி, கெஞ்சி, திட்டிப் பார்த்துவிட்டு, கடைசியில் அந்த வாக்கியத்தைச் சொன்னேன். அவன் விட்டுவிடுவான் என்றுதான் சொன்னேன். மூன்று வருடம் நானாக அவனைக் கூப்பிடவே இல்லை.

அவன் கடைசியாக என்னைக் கூப்பிட்டது போன வருடம். தொழிற்சாலையில் டீ நேரம். "அ...ண்ணா" என்று இழுத்தான். அடுத்த வார்த்தை வரவில்லை. நாக்கு எங்கேயோ மாட்டிக்கொண்ட மாதிரி "நா... நாந்தான்..." என்றான்.

"குடிச்சுப்போட்டு எனக்குப் பண்ணாதேன்னு எத்தன தடவ சொல்றது? நாக்கு கொளறுது பாரு. விட்டுட்டுக் கூப்புடு" என்று சொல்லி வைத்துவிட்டேன். பக்கத்தில் நின்ற வெள்ளைக்காரச் சிநேகிதன், வீட்டில் ஏதாவது பிரச்சினையா என்று கேட்டான். ராங் நம்பர் என்றேன்.

இருபத்திரண்டாம் நாள் சரஸ்வதியின் அண்ணன் கூப்பிட்டுச் சொன்னார், தம்பி போய்விட்டான் என்று.

3

அவன் சாவுக்குப் போய்ச் சேர முடியவில்லை. அந்தக் கதையை இங்கே இருப்பவர்களிடம் சொன்னால், பாதியிலேயே தங்கள் கதையைச் சொல்ல ஆரம்பித்துவிடுகிறார்கள். எல்லாருக்கும் ஒன்று இருக்கிறது.

இந்தியப் பாஸ்போர்ட்டை ஒப்படைத்துவிட்டு இந்த நாட்டுக் குடியுரிமை வாங்கியிருந்தேன். இனி ஊருக்குப் போக வெளிநாட்டு இந்தியர் அட்டை வேண்டும். அதற்கு விண்ணப்பம் போட்டு இரண்டுமுறை திரும்பி வந்துவிட்டது. முதல்முறை என் கையெழுத்து கட்டத்தின் கோட்டில் பட்டுவிட்டதாம். இரண்டாம்முறை அம்மா பெயர். பள்ளிச் சான்றிதழில் செல்லம்மாள், பழைய பாஸ்போர்ட்டில் செல்லாத்தாள். இரண்டும் ஒரே ஆள்தான் என்று எழுதிக்கொடுக்க யாராவது வேண்டும். அம்மாவே போய்ச் சேர்ந்துவிட்டாள்.

தம்பி செத்தது வெள்ளிக்கிழமை. அவசர விசா கொடுக்கும் அலுவலகம் வேறு ஊரில் இருந்தது, திங்கட்கிழமைதான் திறப்பார்கள். ஆஸ்பத்திரிக் கடிதம் வேண்டும் என்றார்கள். வந்த கடிதம் தமிழில் இருந்தது. அதை ஆங்கிலத்தில் மாற்றி, மாற்றியவர் முத்திரையும் வேண்டும். அண்ணன்காரன் விசாவுக்காகப் பிணம் காத்திருக்குமா? சனிக்கிழமையே எடுத்துவிட்டார்கள். யாரோ போனைத் தூக்கிப் பிடித்துக் காட்டினார்கள். ஆட்களின் தோள்களும் பந்தலும்தான் தெரிந்தன. முகத்தை ஒரு நொடி பார்த்தேன், படம் உறைந்துவிட்டது.

விசா ஒன்பதாம் நாள் வந்தது. கருமாதிக்குப் போயிருக்கலாம். நாள் இருந்தது, டிக்கெட்டும் இருந்தது. போகவில்லை. கேட்டவர்களிடம் விசாவைச் சொன்னேன். உண்மை, சரஸ்வதியின் முகத்தில் விழிக்கத் தைரியம் இல்லை.

அப்போது மது வந்து இரண்டு நாள் எங்களோடு இருந்தாள். டீ போட்டுக் கொடுத்தாள். வந்தவர்களுக்கு நாற்காலி எடுத்துப் போட்டாள். கிளம்பும்போது ஏதோ சொல்ல வந்தமாதிரி என் பக்கத்தில் நின்றாள். நான் டிவியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். "வாரேனுங்கப்பா" என்று போய்விட்டாள். அதற்குப் பிறகு எங்களுக்குள் பேச்சு என்றால், கோகிலாவின் போனில் "அப்பா சாப்டாச்சா" என்ற கேள்வியும், "ஆச்சுன்னு சொல்லு" என்ற பதிலும்தான்.

சிறுவயதில் அவள் பள்ளிக்கூடத்தில், டீச்சரிடம் "யெஸ்ங்க மிஸ்" என்பாள். ஆங்கிலத்திலும் நம் ஊர் 'ங்க'வை ஒட்டவைத்துப் பேசியதை அந்த டீச்சர் எங்களிடம் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். ஒரு வருடத்தில் அது போய்விட்டது. பிள்ளை தூரம் போவது ஒரேநாளில் நடப்பதில்லை. ஒவ்வொன்றாகப் போகும். கடைசியில் ஒருநாள் நாமே ஒரு வாக்கியம் சொல்லி மீதியையும் அனுப்பிவைப்போம்.

4

காலில் கொப்புளம் பெரிதாக இருந்தாலும் ஆழமாக இல்லை, மூன்று வாரத்தில் ஆறிவிடும் என்றார்கள். ஞாயிற்றுக்கிழமை ரசமும் பருப்பும் எடுத்துக்கொண்டு கோகிலா கிளம்பினாள். நானும் காரில் ஏறினேன்.

அவர்கள் உள்ளே பேசிக்கொண்டிருந்தபோது நான் கராஜுக்குப் போனேன். தரையில் பிசுபிசுவென்று காய்ந்திருந்தது. ஒரு பக்கமாக அந்தப் பானை கிடந்தது. நாற்பது லிட்டர். எங்கேயும் ஒரு குழாய் இல்லை, ஓட்டை இல்லை. பக்கவாட்டில் இரண்டு கைப்பிடிகள் மட்டும்.

மது ஊன்றுகோலை வைத்துக்கொண்டு நொண்டி நொண்டிக் கதவுவரை வந்தாள்.

"இத எப்புடி ஊத்துவே?" என்றேன்.

"ரெண்டு பேரும் தூக்கிச் சாய்ச்சு ஊத்துவோமுங்க."

"கொதிச்சதையா?"

"கொஞ்சம் ஆறுன பொறகு. எண்பது டிகிரி இருக்கும். இந்தத் தடவ கைப்பிடி ஈரமா இருந்துச்சு. வழுக்கிருச்சு."

முப்பது லிட்டர் வெந்நீரை இரண்டு பெண்கள் ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்குகிறார்கள். எங்கள் தொழிற்சாலையில் ஒரு வாளி சூடான தண்ணீரைக் கையால் தூக்கினால் மேலாளர் வந்து நிறுத்திவிடுவார். அதற்கென்றே நாங்கள் ஆயிரக்கணக்கில் வால்வு மாட்டி வைத்திருக்கிறோம். அந்த வால்வுகளை மாட்டுகிறவனின் மகள் இவள். எனக்கு வந்தது கோபமா அவமானமா தெரியவில்லை. பானையை நிமிர்த்தி வைத்துவிட்டு வந்தேன்.

திரும்பும்போது காரில் கோகிலா சொன்னாள்: "அவ விடமாட்டாளுங்க. நீங்களும் விடமாட்டீங்க. இன்னொரு காலும் வெந்தாத்தான் அடுத்து பேசுவீங்களா?"

"அதுக்கு என்னைய என்ன பண்ணச் சொல்றே? சாராயம் காய்ச்சற பானைக்கு நான் போயிக் கொழா வெச்சுக் குடுக்கறதா?"

"அது எனக்குத் தெரியாதுங்க. கொழா வெக்கறது உங்க சோலி."

இரண்டு நாள் யோசித்தேன். வேலைக்கு நடுவில், பாலுக்கான வால்வைத் துடைத்து மாட்டும்போதெல்லாம் தம்பியின் நினைப்பு வந்தது. அவனைக் கொன்றதைக் காய்ச்சுகிற பானை அது. அதில் என் கை படுவதா? ஆனால் பேசாமல் இருந்து நான் யாரைக் காப்பாற்றினேன்? புதன்கிழமை ஷிப்ட் இரண்டு மணிக்கு முடிந்தது. நேராக ஹார்டுவேர் கடைக்குப் போனேன்.

வந்த புதிதில் இதே மாதிரி ஒரு கடையில், அரை இஞ்சில் ஒரு காக் வேண்டும் என்று கேட்டிருக்கிறேன். ஊரில் குழாய்த் திருகை பில் காக், ஸ்டாப் காக் என்று சொல்லிப் பழகிய வாய்; இங்கே அது கெட்டவார்த்தை. கவுண்டரில் இருந்த பெண் சிவந்துபோனாள், பின்னால் நின்ற இருவர் தும்முகிறமாதிரி நடித்தார்கள். இப்போதெல்லாம் பால் வால்வு, அதாவது உள்ளே உருண்டை வைத்த வால்வு, என்று தெளிவாகச் சொல்கிறேன். பிரித்துக் கழுவுகிறமாதிரி மூன்று துண்டாக வருகிற எவர்சில்வர் வால்வு, அரை இஞ்சு நிப்பிள் என்கிற மரைபோட்ட குட்டிக் குழாய், லாக் நட், கொஞ்சம் எவர்சில்வர் குழாய், அதைப் பிடிக்க ஒரு கப்ளிங். வாஷர் என் பெட்டியிலேயே இருந்தது.

5

மதுவின் தோழி வேலைக்குப் போயிருந்தாள். மது கராஜில் ஒரு நாற்காலியைப் போட்டு, கட்டுப்போட்ட காலை இன்னொன்றில் நீட்டி உட்கார்ந்துகொண்டாள்.

ஓட்டை போடும் இடத்தை அளந்து பென்சிலால் குறித்தேன். ரொம்பக் கீழே போட்டால் பானையின் வளைவில் நட் உட்காராது. மேலே போட்டால் அடியில் நிறைய தங்கிவிடும். அடியிலிருந்து இரண்டு விரல் மேலே வைத்தேன். எவர்சில்வரை வேகமாகத் துளைக்கக்கூடாது. சூடேறினால் அது இறுகிக்கொள்ளும், அப்புறம் டிரில்லின் பிட் வெட்டாது, வழுக்கும். உள்பக்கம் ஒரு மரக்கட்டையை முட்டுக்கொடுத்து, எண்ணெய் விட்டு, மெதுவாக, நல்ல அழுத்தம் கொடுத்துத் துளைக்கவேண்டும்.

டிரில்லைக் குறியில் வைத்துவிட்டு ஒரு நிமிடம் சும்மா நின்றேன்.

"வேண்டாமுன்னா விட்டுருங்கப்பா," என்றாள். "நான் யாரையாச்சும் வெச்சுச் செஞ்சுக்கறேன்."

"யாரையாச்சும் வெச்சா ஓட்டை கோணலாப் போயிரும்" என்று சொல்லிவிட்டு அழுத்தினேன்.

முதலில் சின்ன ஓட்டை. பிறகு படிப்படியாக அகலமாகும் கூம்பு பிட்டில் இருபத்தொரு மில்லிமீட்டர்வரை. விளிம்பை அரத்தால் தேய்த்து, விரலை விட்டுச் சுற்றிப் பார்த்தேன். பிசிறு இல்லை. நிப்பிளை நுழைத்து, உள்ளே வாஷர் வைத்து நட்டை முடுக்கினேன். வெளியே டெஃப்லான் டேப் சுற்றி வால்வை ஏற்றினேன்.

உள்ளே போகிற குழாய்தான் முக்கியம். வால்வு இரண்டு விரல் உயரத்தில் இருப்பதால், அதற்குக் கீழே உள்ள நாலைந்து லிட்டர் வெளியே வராது. அதனால் வால்வின் உள்வாயிலிருந்து ஒரு குழாயை வளைத்து அடிவரை இறக்கவேண்டும். வால்வைத் திறந்தால், குழாயின் வாய் மூழ்கியிருக்கும்வரை சாறு ஏறி வளைந்து வெளியே போகும். நடு இணைப்பில் எங்காவது காற்று புகுந்தால் அதோடு நின்றுவிடும். பம்ப் கம்பெனியில் பாதி நாள் எனக்கு இந்த வேலைதான். மோட்டார் ஓடுது, தண்ணி வரலை என்று ஆள் வந்து நிற்பார்கள். போய்ப் பார்த்தால், சக்ஷன் பைப்பில் ஒரு இணைப்பு ஏர் எடுத்துக்கொண்டிருக்கும்.

குழாயை வளைத்து, பானையின் நடுவைப் பார்த்து வைத்தேன்.

"நடுவுல வேண்டாங்கப்பா," என்றாள். "கடைசில ஒரு சுத்துச் சுத்தி விடுவோம். கசடெல்லாம் நடுவுல குமிஞ்சுக்கும். ஓரமா இருந்தாத்தான் தெளிவு மட்டும் வரும்."

யோசித்தேன். சரியாகத்தான் இருந்தது. ஓரமாகத் திருப்பி, அடியிலிருந்து ஒரு தீக்குச்சி கனம் இடைவெளி விட்டு முடுக்கினேன்.

தண்ணீர் நிரப்பினோம். பத்து நிமிடம் ஒரு சொட்டு இல்லை. அடுப்பைப் பற்றவைத்தோம். கொதி வருவதற்கு முன்னாலேயே நட்டுக்குக் கீழே ஒரு சொட்டு தொங்கியது. விழுந்தது. அடுத்தது தொங்கியது. ஸ்பேனர் போட்டு இன்னும் முடுக்கினேன். அதிகமானது.

"அது ரப்பர் வாஷருங்களா?" என்று கேட்டாள். "சூட்டுக்கு அது இளகிரும். இதுக்கு சிலிக்கோன்தான் தாங்கும். என்ற டப்பாவுல இருக்குதுங்க, அந்த ரெண்டாவது தட்டுல."

பச்சைத்தண்ணீர் பம்பிலேயே ஊறிய புத்தி. முப்பத்தைந்து வருட ஃபிட்டர் ரப்பர் வாஷரோடு வந்திருக்கிறேன். அடுப்பை அணைத்து, வால்வைத் திறந்து சுடுதண்ணீரை வாளிக்கு விட்டோம். பானை கை பொறுக்கும் சூட்டுக்கு வருவதற்காகக் காத்திருந்தோம். வேறு செய்வதற்கு ஒன்றும் இல்லை. அப்போதுதான் அவள் ஆரம்பித்தாள்.

"அப்பா, சித்தப்பா எனக்குப் பேசுவாருங்க."

"எப்போ?"

"ஞாயித்துக்கெழமை ஆனா. நீங்க அவருகூடப் பேசறத நிறுத்துன பொறகு ஆரம்பிச்சாரு. மூணு வருஷமும்."

நான் அந்தப் பழைய வாஷரைக் கையில் வைத்துப் பிசைந்துகொண்டிருந்தேன். "என்ன பேசுவான்?"

"உங்களப் பத்தித்தானுங்க. உங்கப்பனுக்கு முட்டிவலி எப்புடி இருக்குது, கார நிதானமா ஓட்டறாரான்னு. நான் இது காய்ச்சறதையும் சொன்னேன். ரொம்ப நேரம் பேசல. அப்பறம், 'கண்ணு, உனக்கு அது இருந்தா நல்லாருக்குமுன்னு தோணுதா, இல்ல அது இல்லாம முடியலைன்னு தோணுதா'ன்னு கேட்டாரு. எனக்குக் குடிக்கறதவிட செய்யறதுதான் புடிச்சிருக்குன்னு சொன்னேன். 'முடியலைன்னு தோணுன அன்னைக்கு மொதல்ல எனக்குப் போன் பண்ணு. எனக்கு அந்த வழி பூராத் தெரியும்'னாரு."

நான் வாஷரைத் தரையில் வைத்தேன்.

"இன்னொண்ணு சொல்லோணுமுங்க." அவள் நீட்டியிருந்த காலைக் கீழே இறக்கினாள். "கடைசில அவரு விட்டுட்டாருங்கப்பா. ரெண்டு மாசம் ஒரு சொட்டுத் தொடல."

"பொய். எனக்குப் பண்ணுனப்ப நாக்குக் கொளறுச்சு. நாந்தானே கேட்டேன்."

"அது குடியில்லீங்க. ஈரல் முழுசாக் கெட்டுப்போனா ஒடம்புல இருக்கற விஷம் மூளைக்கு ஏறிரும். பேச்சுக் கொளறும், கை நடுங்கும். டாக்டர் சித்திகிட்டச் சொல்லியிருக்காரு. எங்கிட்டப் பேசறப்பவும் கடைசில அப்புடித்தான் இருந்துச்சு. விட்டுட்டேன்னு உங்ககிட்டச் சொல்றதுக்குத்தான் அன்னைக்குப் பண்ணுனாரு."

விட்டுட்டுக் கூப்பிடு என்று நான்தான் சொல்லியிருந்தேன். விட்டுவிட்டுத்தான் கூப்பிட்டிருக்கிறான்.

"எங்கிட்ட ஏன் சொல்லல?" என்று கேட்டேன்.

"நீங்க எங்கிட்டப் பேசலீங்களே அப்பா." அவள் குற்றமாகச் சொல்லவில்லை. நடந்ததைச் சொன்னாள். "அவரு எறந்தப்ப சொல்லோணுமுன்னுதான் வந்தேன். உங்க மூஞ்சியப் பாத்தேன். அன்னைக்கு இதச் சொன்னா நீங்க தாங்க மாட்டீங்கன்னு போயிட்டேன்."

அவள் அழுதாள். கவிழ்த்த வாளி ஒன்றின் மேல் உட்கார்ந்தேன். அவள் எட்டி என் தோளைப் பிடித்துக்கொண்டாள். பானை ஆறிவிட்டிருந்தது. கொஞ்சநேரம் கழித்து அவளே டப்பாவை நீட்டினாள். சிலிக்கோன் வாஷரை எடுத்து மாட்டினேன். நட்டை அவள் உள்பக்கமிருந்து பிடித்துக்கொள்ள, நான் வெளியே முடுக்கினேன்.

மறுபடி தண்ணீர், மறுபடி கொதி. அரைமணி நேரம் பார்த்தோம். கசிவு இல்லை. அடுப்பை அணைத்து வால்வைத் திறந்தேன். சீராக வந்தது, நடுவில் அறுபடவில்லை. கடைசியில் பானையின் அடியில் ஒரு டம்ளர் தண்ணீர்தான் மிஞ்சியது.

கால் ஆறியபிறகு அவள் இதுவரை இரண்டுமுறை காய்ச்சிவிட்டாள். இரண்டுமுறையும் போய்ப் பக்கத்தில் நின்றேன். நான் குடிக்கவில்லை, குடிக்கப்போவதும் இல்லை. அவளும் ஊற்றிக் கொடுக்கவில்லை. அந்த வாசம் இன்னும் எனக்குப் பிடிக்காது.

6

வால்வு மாட்டிய அந்த வாரமே, வெள்ளிக்கிழமை, தம்பியின் முதல் திதி. அரைநாள் லீவு போட்டேன். காரணம் என்று ஒரு கட்டம் இருந்தது. அதில் நெருங்கிய உறவினர் இறப்பு என்று எழுதினால், தேதி போன வருடத்தில் இருக்கிறதே என்று கேட்பார்கள். சொந்த வேலை என்று எழுதினேன்.

இங்கே மூன்றரை மணி, சூலூரில் காலை எட்டு. கோகிலா பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். சரஸ்வதியைக் கூப்பிட்டேன். இந்த ஒரு வருடத்தில் நானாக அவளைக் கூப்பிடுவது முதல் தடவை. நாலைந்து மணி அடித்தபிறகு எடுத்தாள்.

"மாமா, சொல்லுங்க. நல்லாருக்கீங்களா? அக்கா நல்லாருக்காங்களா? இப்பத்தான் ஐயரு வந்துட்டுப் போறாரு. காக்காய்க்கு வெச்சாச்சுங்க."

நான் என்ன சொல்லவேண்டும் என்று முதல்நாளே யோசித்து வைத்திருந்தேன். எல்லாம் போய்விட்டது. "அம்மணி, மது சொன்னா" என்றேன். "அவன் விட்டுட்டானாமா. அன்னைக்கு எனக்குப் பண்ணுனது... அவன் குடிச்சிருக்கான்னு நெனச்சுப் போன வெச்சுப்போட்டேன் அம்மணி. தெரியாமப் பண்ணிப்போட்டேன்."

அந்தப் பக்கம் பாத்திரம் நகர்த்தும் சத்தம்.

"தெரியுமுங்க மாமா," என்றாள். "நாந்தான் பக்கத்துல நின்னு போன அவுரு காதுல புடிச்சுட்டு இருந்தேன். கையி நடுங்குமுங்க, அவுரால புடிக்க முடியாது. நீங்க பேசுனது பூராவும் எனக்கும் கேட்டுச்சு."

"அவன் என்ன சொன்னான்?"

"எனக்கு ஆத்தரமா வந்துச்சுங்க, மறைக்கல. திரும்பப் போட்டு நான் பேசட்டுமான்னு கேட்டேன். வேண்டாமுன்னு தலையாட்டிப்போட்டாரு. அவுரு மொகத்துல வருத்தமே இல்லீங்க மாமா. சிரிச்சாரு. பேச்சு வராம ஒவ்வொரு வார்த்தையா சொன்னாரு, 'அண்ணன் கொரலு நல்லாக் கணீருன்னு இருக்குது, ஒடம்பு நல்லாத்தான் இருக்குதாட்டம், அது போதும்'னு. அன்னைக்கு ராத்திரி ரெண்டு வாய் சேத்துச் சாப்பிட்டாருங்க."

கோகிலா என் கையிலிருந்து போனை வாங்கப் பார்த்தாள். நான் கொடுக்கவில்லை.

"ஏனுங்க மாமா, லைன்ல இருக்கறீங்களா?"

"இருக்கறேன் அம்மணி," என்றேன். "நீ பேசு."